விதிகளை நாங்களே எழுதிக்கொள்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில், தோட்டத்து இளைஞர்கள் ஒரு கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள், இது எங்கே போய் முடியுமோ என்று ஒரு பெரியவர் கவலைப்பட்டு எழுதியிருந்தார். ஊரையோ கடையையோ அவர் பெயர் சொல்லவில்லை. ஆனால் போட்டோக் கொப்பி மெஷினுக்குப் பக்கத்து மேசை என்று எழுதிவிட்டதால், அது என் கடைதான் என்பதில் கொட்டகலையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே பதில் எழுத வேண்டியவளும் நான்தான்.

சூதாட்டப் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அந்த மேசையில் காசு கைமாறுவதில்லை. பிந்தி வருகிறவர் எல்லாருக்கும் பிளேன்டீயும் மாலுபணிஸ் என்கிற மீன் பணிஸும் வாங்கித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான் மொத்தச் செலவு. தருமர் நாட்டையும் தம்பிமாரையும் வைத்து ஆடினார். நாங்கள் எதையும் வைப்பதில்லை. காசைத் தொலைக்க விரும்புகிறவருக்குப் பஸ் நிலையத்தில் லொத்தர் மேசைகள் இருக்கின்றன. பெரியவர் தினமும் அவற்றைக் கடந்துதான் போகிறார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் விளையாடுவது கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன செய்வார், என்ன சொல்வார் என்று வாயால் சொல்லுவார்கள். முடிவு இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்ற இடத்தில் மட்டும் பகடை உருளும். 1974இல் அமெரிக்காவில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்கு முதல் அச்சு விளையாட்டு. மாசியில் காமன் கூத்துக்கு வேஷம் கட்டுகிற ஊரில், இன்னொருவராக நின்று பேசுவதை யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

பெரியவர் பகடையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த, விதி எழுதும் கொப்பிகளைப் பார்க்கவில்லை. எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் விதி எழுதுவதிலும் அழிப்பதிலும்தான் போகிறது. பூதமும் மந்திரவாதியும் வருகிற கதைக்கு விதி கிடைப்பது சுலபம். பூதம் எத்தனை அடியில் விழும் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். மறுத்துப் பேச யாரும் பூதத்தைக் கண்டதில்லை. இன்றைய காலத்தில், நாம் இருக்கும் ஊரில் நடக்கிற கதை என்றால் மேசையில் இருக்கும் அத்தனை பேரும் நிபுணர்கள். ஹட்டனிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதில் கதை நடத்துகிறவர் பிழைவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

நிகழ்காலத்துக்கென்றே எழுதிய புத்தகங்கள் இல்லாமல் இல்லை. 2002இல் வெளிவந்த டி20 மாடர்ன் என்ற விளையாட்டின் விதிகளை என் அக்கா மகன் இறக்கிக் கொண்டுவந்தான். உயர்தரம் படிக்கிறவன்; பாடப்புத்தகத்தை விட இதை ஒழுங்காகப் படித்திருந்தான். அதில் மனிதர்கள் ஆறு வகை: பலசாலி, வேகக்காரர், தாக்குப்பிடிப்பவர், கெட்டிக்காரர், ஈடுபாடு உள்ளவர், வசீகரமானவர். எங்களோடு விளையாடும் முன்பள்ளி ஆசிரியை, "நான் எந்த வகை?" என்று கேட்டார். "டீச்சர், இருபத்தைந்து பிள்ளைகளை ஓர் அறைக்குள் வைத்திருக்கிறீர்கள், ஆறும் நீங்கள்தான்" என்றார் ஓட்டோ ஓட்டும் அண்ணன். அந்த ஆறு வகையும் அன்றே அடிபட்டுப் போயின.

துப்பாக்கிப் பட்டியல் அடுத்துப் போனது. எங்கள் கதையில் வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் கூரான பொருள், தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்திதான். அதற்கு ஒரே விதி: ஆள்மீது ஓங்கினால் அடுத்த காட்சி பொலிஸ் நிலையத்தில், அங்கே பகடை இல்லை. அக்கா மகனுக்கு இதில் இன்றுவரை வருத்தம்.

பணத்துக்கான விதிதான் எங்களை அதிக நாள் இழுத்தடித்தது. அந்தப் புத்தகத்தில் காசை எண்ணுவதே இல்லை. ஒவ்வொருவருக்கும் வசதிக்கு ஓர் எண், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். பொருளின் எண் உங்கள் வசதிக்கு உட்பட்டதாக இருந்தால் கேள்வியில்லாமல் வாங்கலாம். கூடுதலாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டி வசதியோடு கூட்டிப் பார்க்க வேண்டும். தகுதிக்கு மீறி வாங்கினால் வசதி இறங்கும். சில்லறை எண்ணும் சள்ளை இல்லாத, நன்றாக யோசித்து எழுதிய விதி. மாதச் சம்பளமும் வங்கி அட்டையும் உள்ள ஊருக்கு அது சரி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டின் வசதி அந்த வீட்டுக்குள் இருப்பதில்லை. அது கடைக்காரரின் கடன் கொப்பியில் இருக்கிறது, சீட்டுப் பிடிக்கும் அக்காவின் டயரியில் இருக்கிறது, அடகுக் கடையின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஒரே குடும்பத்துக்கு ஒரு கடையில் மதிப்பும் அடுத்த கடையில் அவமானமும் இருக்கும். இதற்கு ஓர் எண் எப்படிப் போதும்?

ஆகவே எங்கள் விதி இப்படி. கடன் தருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நம்பிக்கைப் புள்ளி, பூச்சியத்திலிருந்து மூன்று வரை. வாங்கினால் ஒன்று இறங்கும். பத்தாம் திகதி சம்பளத்தில் கட்டினால் ஒன்று ஏறும். பூச்சியத்துக்கு வந்துவிட்டால் கடைக்காரர் இல்லை என்று சொல்ல மாட்டார். "முதலாளி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்" என்பார். தீபாவளி முற்பணம் வாங்கினால் எல்லா இடத்திலும் ஒரே நாளில் ஏறும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிய, ஒவ்வொன்றாக இறங்கும். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். 2021இல் தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா, 2024 கடைசியில் 1350 ரூபா. இடையில் மாவின் விலை எங்கேயோ போய்விட்டது. அன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா என்பதும் கணக்கில் வரும்.

ஒரு நாள் கதையில் பாடசாலைச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது. அம்மா பாத்திரத்தில் இருந்தவர் மிடில் ஈஸ்டில் வேலைசெய்து திரும்பிய அக்கா. கடையில் நம்பிக்கை பூச்சியம். கடைக்காரராக நடித்த ஓட்டோ அண்ணன் பேனையைக் காதில் செருகிக்கொண்டு, மறுப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "நான் போகவில்லை. சின்னவளை அனுப்புகிறேன்" என்றார். ஆள்கள் நிற்கும் நேரம் பார்த்து, கொப்பியைக் கையில் கொடுத்து, "அம்மா தரச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லும்படி. ஓட்டோ அண்ணன் பேனையைக் கையில் எடுத்துவிட்டார். பிள்ளைக்கு முன்னால், ஊருக்கு முன்னால், எந்தக் கடைக்காரர் இல்லை என்பார்? அதையும் விதியாக்கினோம்: பிள்ளையை அனுப்பினால் பகடையில் ஒன்று கூடும், ஆனால் அந்தப் பிள்ளையின் தாளில் 'கூச்சம்' என்ற இடத்தில் ஒரு கோடு விழும். கோடு மூன்றானால் பிள்ளை இனிப் போகாது, அடித்தாலும் போகாது. டீச்சர் சேர்த்த விதி அது. எந்த அமெரிக்கப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது கிடைக்காது. கிடைக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

வாகனத்தில் துரத்துவதற்கும் அந்தப் புத்தகத்தில் விதிகள் உண்டு. எங்கள் கதையின் ஒரு பகுதி 2022இல் நடக்கிறது. அந்த ஆண்டு கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். "இந்த ஐந்து லீற்றரில் நான் யாரைத் துரத்துவது?" என்று அண்ணன் கேட்டார். அவரே எழுதினார் அந்த விதியை: ஓட்டோவுக்கு ஐந்து தீக்குச்சி, ஓடும்போது ஒன்றொன்றாக எடுத்துவிட வேண்டும், வரிசையில் நின்றால் ஒரு காட்சி முழுக்க வேறெதுவும் செய்ய முடியாது. வரிசையில் நின்று மற்றவர்களோடு பேசலாம். எங்கள் கதையின் நல்ல பேச்செல்லாம் அந்த வரிசையில்தான் நடந்தது.

பகடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெரியவரின் புகாரே அதுதானே. இருபது முகப் பகடை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. இருந்தாலும் எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு ஐந்து. கைதேர்ந்தவரும் கைகுழந்தையும் ஒரே மாதிரிச் சறுக்குவார்கள். லூடோப் பெட்டியில் வருகிற இரண்டு பகடையைக் கூட்டினால் 36 விதமாக விழும். ஏழு வருவதற்கு ஆறு வழி, பன்னிரண்டுக்கு ஒரே வழி. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டிலிருந்து ஒரு பிரிப்பை எடுத்துக்கொண்டோம்: பத்தும் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும், ஏழிலிருந்து ஒன்பது வரை நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும், ஆறும் அதற்குக் கீழும் வந்தால் சிக்கல். வெறும் பகடைக்கு 36இல் ஆறு முறைதான் முழு வெற்றி. தெரிந்த வேலை என்று ஒன்று கூட்டினால் அது பத்தாகிறது, இரண்டு கூட்டினால் பதினைந்து. சின்ன எண்கள்தான், ஆனால் பழக்கம் மனிதருக்கு எவ்வளவு உதவும் என்று பார்த்தால் இது நியாயமான அளவு. இதை ஒரு கொப்பித் தாளில் கட்டம் போட்டு எண்ணிக் காட்டிய பிள்ளைக்குச் சாதாரணதரக் கணிதத்தில் நிகழ்தகவு வராது என்று பாடசாலையில் சொல்லியிருந்தார்களாம்.

அரக்கன் இல்லாத கதையில் ஆபத்து எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். தங்கள் பத்திரிகையையே பார்த்தோம். மாதம் தவறாமல் வருகிற செய்தி குளவிக் கொட்டு. அதற்கு உயிர்ப் புள்ளியும் வாள் வீச்சும் பயன்படாது. ஓடுகிறவர் உருட்டலாம். கையை வீசி அடிக்கிறவருக்கு இரண்டு கழியும்; நசுங்கிய குளவியின் வாசனைக்கு மற்றவை கூடும் என்பது மலையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். தன் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குத் துணியை அவிழ்த்து இன்னொருவர் மேல் போர்த்துகிறவர் தன்னுடைய உருட்டலை இழக்கிறார். போர்த்தப்பட்டவருக்குக் கொட்டே இல்லை. அதற்குப் பிறகுதான் நிஜமான ஆட்டம்: தோட்டத்து லொறி எங்கே நிற்கிறது, சாரதி எங்கே, யாருடைய போனில் காசு இருக்கிறது, சிக்னல் கிடைக்கும் கோயில் படிக்கட்டுக்கு யார் ஓடுவது. வைத்தியசாலையில் எழுதித் தரும் துண்டு சிங்களத்தில் மட்டும் இருந்தால் சிங்களம் தெரிந்தவர் ஒன்று கூட்டிக்கொள்வார். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் விதி தாளில் உள்ளதை வைத்து எழுதப்பட்டதல்ல, கவுண்டரில் நடப்பதை வைத்து எழுதப்பட்டது.

மழை விதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகளையே எடுத்துக்கொண்டோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, வெளியேற வேண்டும். கதையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு பகடை. கூட்டியதை இரண்டால் பெருக்கினால் அந்த மணி நேரத்து மில்லிமீற்றர். சராசரி பதினான்கு வரும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய மழை நள்ளிரவுக்கு முன் மஞ்சளையும், விடியற்காலையில் சிவப்பையும் தொடும். பன்னிரண்டாக விழுந்துகொண்டே போனால் நடுநிசி தாண்டியதுமே சிவப்பைத் தொடும். மண் சரிவதற்குப் பகடை கிடையாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை அறிந்தவர்கள் யாரும் அதைப் பகடையில் கேட்க மாட்டார்கள். எங்கள் விதியில் பகடை மழைக்கு மட்டும்; போவதா இருப்பதா என்பது மனிதர்கள் கையில். ஆளுக்கு மூன்று பொருள் தூக்கலாம். பிள்ளையும் ஒரு பொருள் என்றே கணக்கு. அடகுத் துண்டை எடுப்பதா, பிறப்புச் சான்றிதழ்களை எடுப்பதா, நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் பாட்டியைத் தூக்குவதா என்று பெரியவர்களே அடித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும். பாட்டிக்கு மூன்று இடமும் போய்விடும்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு இந்த விதியை நாங்கள் தொடவில்லை. அழிக்கவுமில்லை. மேசை நடுவில் ஒரு வெற்று அட்டை வைத்திருக்கிறோம். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி உடனே நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. இது வெளிநாட்டு மேசைகளிலும் உள்ள வழக்கம்தான், நல்ல வழக்கம். மழைத் தாளை எடுத்தபோது ஓர் ஆள் அட்டையைத் தொட்டார். திரும்ப உள்ளே வைத்துவிட்டோம்.

கடித விதி என்னுடையது. லயத்து வீட்டுக்கு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் வர வேண்டும். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான் வந்தது. பழுப்பு உறை, மூலையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம், நேர்முகப் பரீட்சை முடிந்து போயிருந்தது. யார் கோப்பை வைத்தார் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்டும் பயனில்லை. விதி இது: பத்து வந்தால் கடிதம் நேரத்துக்கு வரும், ஏழிலிருந்து ஒன்பது வந்தால் வரும், ஆனால் ஊரே படித்த பிறகு, ஆறும் அதற்குக் கீழும் வந்தால் கதை நடத்துகிறவர் உறையை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு, தான் விரும்பும் நாளில் கொடுப்பார். விளையாட வருகிற பிள்ளைகளுக்கு மிகவும் கோபம் வருகிற விதி இதுதான். காரியாலயத்துக்கே போய்ச் சண்டை பிடிக்க ஒரு பிள்ளை பாத்திரத்தை அனுப்பினாள். வாய்க்கு இரண்டு கூட்டி, பதினொன்று எடுத்து, கடிதங்களை வீட்டு வீடாகக் கொண்டுவந்து கொடுக்க ஓர் ஆளை நியமிக்க வைத்தாள். கதையில்தான்.

ஒருவருடைய புத்தகத்தை இப்படித் திருத்தலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் கொப்பி அடிக்கும் கடை வைத்திருப்பவள், இதைப் பார்க்காமல் விடுவேனா? டி20 மாடர்னின் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தோடு வெளியிடப்பட்டவை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதித் தொகுப்பும் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எடுக்கலாம், மாற்றலாம். உரிமம் இல்லாத புத்தகத்தை முழுசாக அடித்துத் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். அந்த இளைஞர்களுக்கு என்மேல் கோபம், பரவாயில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் தவறாமல் புள்ளிகளை இணைக்கும் படமும் ஆறு வித்தியாசமும் வருகின்றன. மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த இடத்தில் ஓர் ஊரின் விதியைப் போடலாம். மட்டக்களப்புப் பிள்ளைகள் வாவிக்கு என்ன விதி எழுதுவார்கள், மன்னார்ப் பிள்ளைகள் கடலுக்கு என்ன எழுதுவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. கவலைப்பட்ட பெரியவரும் ஒரு ஞாயிறு வரலாம். எங்கள் கதையில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பாத்திரம் காலியாக இருக்கிறது. அவர் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் பிரமாதமாகப் பொருந்துவார்.

எங்களுக்கு இன்னும் பிடிபடாத விதி தராசு. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ கழிக்கிறார்கள். மழை நாளில் எவ்வளவு, வெயில் நாளில் எவ்வளவு, யார் தீர்மானிப்பது என்பதில் டீச்சரின் அம்மா ஒன்று சொல்கிறார், ஓட்டோ அண்ணனின் மனைவி இன்னொன்று சொல்கிறார். இரண்டு பேரும் வேறு வேறு தோட்டம். தங்கள் வாசகர்களில் கூடையோடு வரிசையில் நின்றவர்கள் ஏராளம். அவரவர் தோட்டத்து வழக்கத்தை இரண்டு வரியில் தங்களுக்கு எழுதி, தாங்களும் வெளியிட்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும். கழித்த கிலோவை வாதாடித் திரும்பப் பெற எத்தனை வர வேண்டும் என்பதில் மேசையில் இன்னும் சண்டை தீரவில்லை: அக்கா மகன் பத்து என்கிறான், டீச்சரின் அம்மா பதின்மூன்று என்கிறார்.

இப்படிக்கு,
போட்டோக் கொப்பிக் கடைக்காரி,
கொட்டகலை.